தையல் மெஷின் தேர்வுக் குழுத் தலைவர் மைத்துனருக்கு எழுதியது

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு காலை.

அனுப்புநர்: ப. குமரேசன், கண்காணிப்பாளர் (ஓய்வு), கொள்முதல் பிரிவு.
பெறுநர்: திரு. துரைராஜ் அவர்கள், மீன் வியாபாரம், கோவளம்.
பொருள்: என் மனைவியும் தங்கள் அக்காவுமாகிய ஹேமாவதியையும், மகள் ஜெயப்ரியாவையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: முந்தாநாள் தாங்கள் என்னைப் போனில் திட்டியது.

அன்புள்ள மைத்துனருக்குக் குமரேசன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் படகுகள் இரண்டும் நலமாக இருக்கக் கங்கையம்மனை வேண்டுகிறேன். இங்கே என் நலத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. பதினெட்டு நாளாகத் தன் கையால் கிண்டிய உப்புமாவையே சாப்பிடுகிறவன் எப்படி இருப்பானோ அப்படி இருக்கிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டு, அதன் பிறகு திட்டவும்.

நடந்ததை உங்கள் அக்கா ஒரு பக்கமாகச் சொல்லியிருப்பாள். நான் வரிசைப்படி சொல்கிறேன். ஆறு மாதம் முன்பு அவள் போனில் ஏதோ வீடியோ பார்த்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரம்மா பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, கீழே பஞ்சும் அதற்குக் கீழே ஒரு துணியும் வைத்து, மூன்றையும் ஒன்றாக மேலே கோடு கோடாகத் தைத்துப் போர்வை ஆக்கினாராம். குவில்ட் என்கிறார்கள். நம் வீட்டில் பழைய துணிக்கா பஞ்சம்? ஜெயப்ரியாவின் முதல் பிறந்தநாள் மஞ்சள் கவுன், ஒன்றாம் வகுப்பு யூனிபாரத்தின் பச்சைக் கட்டம், தீபாவளிப் பாவாடைகள் என்று இருபத்தாறு வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடந்ததை எல்லாம் எடுத்து வெட்டினாள். மகளுக்கு வளைகாப்பு வரும், அன்று அவள் உட்காரும் நாற்காலியில் இதைத்தான் விரிக்க வேண்டும், பிறகு குழந்தை பிறந்ததும் அதற்குப் போர்த்த வேண்டும் என்பது திட்டம். திட்டத்தில் எனக்கு ஆட்சேபணை இருந்ததே இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சதுரங்களைச் சேர்க்கும் வரைக்கும் எங்கள் கால் மிதி மெஷினே போதுமானதாக இருந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்து வைத்ததும் அது ஊசியை உடைத்தது. ஒரே வாரத்தில் ஏழு ஊசி. அப்போதுதான் அவள் சொன்னாள், "ஏங்க, எனக்கு ஒரு நல்ல மெஷின் வேணும். தாம்பரம் மார்க்கெட்ல நாலு கடை இருக்கு. துணிய எடுத்துட்டுப் போயி, ஒவ்வொண்ணுலயும் உக்காந்து தைச்சுப் பாத்துட்டு, கைக்கு எது ஒத்து வருதோ அத வாங்கிக்கிறேன்." நீங்களே சொல்லுங்கள். இது ஒரு முறையா? கைக்கு ஒத்து வருவதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்துக்கு நாற்காலி வாங்கியவன் நான். ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்து பார்த்து வாங்கியதில்லை. தணிக்கையில் ஒரு கேள்வி வந்ததில்லை. இதை உங்களிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னபோது, "அதான் மாமா உங்க ஆபீஸ்ல அல்லாரும் நின்னுகினே கீறாங்கோ" என்றீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே முறைப்படி தேர்வுக் குழு ஒன்றை அமைத்தேன். தலைவர் நான். தொழில்நுட்ப உறுப்பினர் பக்கத்து வீட்டு சவுரிமுத்து சார், முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மெஷின், பெடல் இரண்டையும் அறிந்தவர் என்பதால் தகுதியில் குறை சொல்ல முடியாது. ஹேமாவதி, "நான்?" என்று கேட்டாள். பயன்படுத்தப்போகிறவர் குழுவில் இருந்தால் சொந்த விருப்பம் உள்ளே புகுந்துவிடும், அது நடுநிலைக்குப் பங்கம் என்று விளக்கினேன். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. நான் அதையும் குறிப்பில் ஏற்றவில்லை.

குழு நான்கு முறை கூடியது. நான்கு முறையும் டீ அவள்தான் போட்டாள். மெஷின் மூன்று அடுக்கையும் அதற்கு மேலும் தைக்க வேண்டும், ஒரே ஆள் ஒரே கையால் தூக்க வேண்டும், இடத்தை அடைக்கக் கூடாது, வேகம் அதிகம் வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தாம்பரத்திலும் வெளியூரிலும் உள்ள கடைகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பினேன். முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. ஒரு கடைக்காரர் போன் செய்து, "சார், அம்மாவ ஒருதரம் கூட்டிகினு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். விண்ணப்பதாரர் குழுவுக்கு வெளியே தொடர்புகொள்ள முயன்றதால் அவரைத் தகுதி நீக்கம் செய்தோம். சவுரிமுத்து சார் ஒவ்வொரு மெஷினின் படத்தையும் பார்த்து, "இது மேடு ஏறுமா?" என்று கேட்பார். கேள்வியின் பொருள் எனக்குப் புரியவில்லை என்றாலும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. சொல்லிவைத்தாற்போல ஒரே ஒரு மெஷின் எல்லா நிபந்தனையிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தது. அடுக்கு எத்தனை வேண்டுமானாலும் தைக்கும். ஒரு கையால் தூக்கலாம். மேஜையே வேண்டாம், உத்தரத்தில் மாட்டிக்கொள்ளலாம். வேகமோ மற்றதைப் போல மூன்று மடங்கு. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் பணிக்காலம் முழுவதிலும் நூற்றுக்கு நூறு வாங்கிய பொருளை நான் பார்த்ததே இல்லை. அன்றே வாங்கி வந்து, ஜெயப்ரியாவுக்குத் தூளி கட்டிய கொக்கியில் ஹாலில் தொங்கவிட்டேன். ஹேமாவதி வந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். "இது அரிசி மண்டியில மூட்டைக்கு வாய் தைக்கிறது" என்றாள்.

மைத்துனரே, அது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் 'சாக்கு தைக்கும் மெஷின் ஏற்கப்படாது' என்று நிபந்தனையில் எங்கும் எழுதவில்லையே! எழுதாததைக் காட்டி முதலிடம் பெற்றவரை எப்படித் தள்ளுவது? குழுவின் முடிவே இறுதியானது என்று சொன்னேன். அவள் மூன்று அடுக்கையும் மடியில் போட்டுக்கொண்டு கையால் தைக்க உட்கார்ந்தாள். நாள் முழுக்கத் தைத்தால் ஒரு வரிசை. வளைகாப்புக்கு இருந்ததோ ஆறே நாள். கையில் ஊசி குத்திக் குத்தி, விரல் நுனியில் துணி சுற்றியிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இதை யார் நம்பாவிட்டாலும் நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் வளைகாப்புக்குப் பூ, பழம் பற்றிப் பேச இரும்புலியூரிலுள்ள சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம், நானும் சவுரிமுத்து சாரும் போர்வையைத் தரையில் விரித்தோம். அவர் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, "லெஃப்ட்ல ஒடி, நேரா போ, நேரா போ" என்று சொல்லச் சொல்ல, நான் மெஷினைக் கையில் பிடித்து ஓட்டினேன். பதினோரு வரிசை! அரை மணிதான்! அதுவும் நூலை வெட்டி வீணாக்கக் கூடாது என்று, ஒரு வரிசை முடிந்த இடத்திலேயே வளைத்து அடுத்த வரிசைக்குத் திருப்பி, பதினொன்றையும் ஒரே ஓட்டமாக முடித்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆட்சேபணை ஏதும் வராததால் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

வளைகாப்பில் என்ன நடந்தது என்று நீங்கள் நேரிலேயே பார்த்தீர்கள். ஆனாலும் என் தரப்பிலிருந்து ஒருமுறை சொல்லவிடுங்கள். ஜெயப்ரியா போர்வை விரித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா பொன்னியம்மாள் கை நிறையச் சந்தனத்தோடு முன்னால் நின்றார். அப்போது நாற்காலிக் கால் ஓரமாக ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் நூலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து இழுத்தேன். டர்ர்ர் என்று வந்தது. முடிந்துவிடும் முடிந்துவிடும் என்று இழுத்துக்கொண்டே போனேன். அது வந்துகொண்டே இருந்தது. மூட்டைத் தையல் சரியான நுனியை இழுத்தால் மொத்தமும் பிரியும்; அந்த நுனி கிடைக்காமல் அரிசிக் கடையில் பத்து நிமிஷம் தடவுகிறார்கள். எனக்கு மட்டும் முதல் இழுப்பிலேயே சரியான நுனி கிடைத்துத் தொலைத்தது. பதினோரு வரிசையும் போனது. மகள் திடுக்கிட்டு எழுந்தாள், மேல்துணி அவளோடு எழுந்தது, உள்ளேயிருந்த பஞ்சு சம்பந்தியம்மாவின் சந்தனக் கையில் முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு குரல், "இன்னாபா இது, வளகாப்புல மூட்ட பிரிக்கிறாங்கோ" என்றது. அது உங்கள் குரல் என்றே நினைக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமாவதி சிரிக்கவில்லை. துணியைப் பொறுக்கி மடித்தபோதுதான் நானும் பார்த்தேன். அவள் சேர்த்த சதுரங்களில் ஒரு தையல்கூட விடவில்லை. நான் போட்டதில் ஒரு தையல்கூட நிற்கவில்லை. ஆனால் சாக்கு ஊசி தடிமன் அல்லவா? மஞ்சள் கவுனின் குறுக்கே, பச்சைக் கட்டத்தின் குறுக்கே, வரிசையாக ஓட்டை. அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் என் விரலைப் பிடித்து முதன்முதலாக நடந்தாள். வளைகாப்பு முடிந்தால் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும் என்பது வழக்கம். அவளுக்காக நடு அறைக்கு வெள்ளையடித்து, கொசுவலை மாட்டி, வெந்நீருக்கு ஹீட்டர் வைத்திருந்தேன். ஹேமாவதி அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வேனில் ஏறினாள். ஏறும்போது சொன்ன ஒரே வார்த்தை: "தாய்மாமன் வீடும் தாய் வீடுதான்."

முந்தாநாள் நீங்கள் போனில் திட்டியதற்கு நடுவே சொன்ன விஷயத்தைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "மாமா, அக்கா தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து, ரெண்டு மணி நேரம் குந்திகினு ஒம்போது மிஷினு தச்சுப் பாத்துச்சு. அதே துணி, அதே தையலு. கண்ண மூடிகினு சவுண்டு கேக்குது. கடக்காரன் இன்னா ஸ்பீடு தெர்மான்னு ஆரம்பிச்சான். எவ்ளோ மெதுவா போவும், அத்த சொல்லுன்னு கேட்டுச்சு பாரு, அவன் ஆடிப்பூட்டான்" என்றீர்கள். கடைசியில் அவள் எடுத்தது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய இரும்பு மெஷின், மோட்டார் வைத்தது, நேர்த் தையலைத் தவிர ஒன்றும் போடாது, இரண்டு ஆள் தூக்க வேண்டும், ஊசிக்கு வலப்பக்கம் சுருட்டிய போர்வை நுழைகிற அளவுக்கு இடைவெளி என்றீர்கள். என் பட்டியலில் அதற்கு நூற்றுக்குப் பதினாலு வருகிறது. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். நீங்கள் கரையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்குவீர்களா? மாட்டீர்கள். எனக்கு இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தப்பு குழுவினுடையது. குழு என்றால் நான்தான். சவுரிமுத்து சார் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அக்காவிடம் நல்ல வார்த்தை சொல்லி, மகளோடும் மெஷினோடும் அவளை அனுப்பிவைக்க வேண்டும். மெஷினுக்கு ஜன்னல் ஓரம் ஒழித்துவைத்திருக்கிறேன். கொக்கியில் தொங்கியதை அரிசிக் கடைக்கே கொடுத்துவிட்டேன். குழு கலைக்கப்பட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது மைத்துனரே, பேச ஆள் இல்லை, எனக்கு முடியவில்லை. அவர்கள் வராமல் தாங்கள் வந்து ஆறுதல் சொல்வதென்றால் வர வேண்டாம்.

தங்கள் வலையில் என்றைக்கும் குறைவில்லாமல் மீன் விழட்டும். தங்கள் இல்லத்தரசிக்கு என் வணக்கம், ஜெயப்ரியாவுக்கு என் ஆசி. ஹேமாவதிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
ப. குமரேசன்
(முன்னாள் தலைவர்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது போன் வந்தது. உங்கள் அக்காதான். ஓட்டை விழுந்த இடங்களின்மேல் சின்னச் சின்னதாகத் துணி வைத்து முடித்துவிட்டாளாம். இப்போது மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் ஓட்டுகிறாளாம். போர்வை கனத்தில் மேஜையை விட்டுக் கீழே இழுக்கிறது, தையல் கோணுகிறது, அந்தப் பக்கம் ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் மீன் ஏலத்துக்குப் போய்விடுகிறார்கள் என்றாள். பிறகு, "வரீங்களா? ஆனா வாயத் தொறக்கக் கூடாது. கையால புடிக்கணும், அவ்ளோதான்" என்றாள். ஆகவே மேலே கோரியவை அனைத்தும் ரத்து. யாரையும் அனுப்ப வேண்டாம்; வேட்டி இரண்டு எடுத்து வைத்துவிட்டேன், அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். தபாலைவிட பஸ் சீக்கிரம் என்பதால் இதையும் கையிலேயே கொண்டுவருகிறேன். பணிக்காலத்தில் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசிகூட நான் வாங்கியதில்லை. இதற்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது, நிபந்தனையும் கடுமை. சரி என்று சொல்லிவிட்டேன்.