கம்பவுண்டர் பூனைக்கு எழுதிய மருந்து

பூனை கடித்தால் கடிபட்டவனைத் தண்டிக்கும் நீதிபதி உலகத்திலேயே ஒருவர்தான். அரியலூரில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த கம்பவுண்டர். பூனைக்கு வைத்தியம் பார்க்கும் யோசனை அவருக்கு உதித்தபோது என் கால் கட்டைவிரலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் டிஞ்சர் கேட்டேன். அவர் குட்டியின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யுத்த காலம் இது; தனி வீடு கிடைக்காது. நான் புது வாத்தியார். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவர். குட்டி தானாக வந்து சேர்ந்த மூன்றாவது குடித்தனக்காரர். வேட்டி நுனி ஆடினால் பாயும். பொறுக்க முடியாமல் குடையை ஓங்கினேன்.

"யாரைக் கேட்டு கை ஓங்குறீங்க, வாத்தியாரே? நேத்து விரலை ஆட்டி வெளையாட்டுக் காட்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப தப்பு யாருது?"

படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மறுநாள் தூணில் சாக்கைச் சுற்றினார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட மருந்துப் புட்டியில் ஓரம் வெட்டிய காகிதம் ஒட்டுவார்களே, அதைத் தூணிலும் ஒட்டினார். சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை குட்டி சாக்கைப் பிறாண்ட வேண்டும். என்னைக் கடித்தால் நான் கத்தாமல் மரம் மாதிரி நிற்க வேண்டும். கத்தினால் அன்று அவர் போடும் காபி எனக்குக் கிடையாது. கடிப்பது அது, பட்டினி நான்.

"ஆடாத வேட்டியக் கடிச்சா அதுக்கு என்னங்க ருசி?" என்பார்.

அதற்குள் குட்டி, கொடியில் காய்ந்த வீட்டுக்காரர் சம்சாரத்தின் பட்டுப் புடவையில் ஏறி இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் கையில் கோணியோடு வந்தார்.

"இத இப்பவே கட்டி, ஆண்டிமடம் முந்திரிக் காட்டுல விட்டுட்டு வரேன்."

கம்பவுண்டர் கோணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நானும் கூட வந்துர்றேங்க. வூட்டுக்கு வேற ஆளு பாத்துக்குங்க."

குட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? வீட்டுக்காரர் வேட்டி நுனியில் பாய்ந்தது. அவர் உதைக்கக் காலைத் தூக்கினார்.

"அசையாதீங்க," என்றார் கம்பவுண்டர். ஆஸ்பத்திரிக் குரல். வயிற்றுக் கோளாறுக்காக வாராவாரம் அவரிடம் மருந்து வாங்கும் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டார். நாக்கைக்கூட நீட்டிவிட்டார்.

குட்டி ஆடாத வேட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தது. சலித்துப்போய்த் தூணுக்கு நடந்து, சாக்கைப் பிறாண்ட ஆரம்பித்தது.

 வீட்டுக்காரரின் நாக்கு உள்ளே போனது. "சரி, இருந்து தொலையட்டும். நான் இப்ப நவுரலாமுல்ல?"

தினம் கடிபட்டு அதைப் பழக்கியது நான்; பேர் வாங்கியது கம்பவுண்டர். எந்த ஊர் நியாயம் இது?

போன மாதம் அவரைப் பெரம்பலூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வீடு கிடைக்கும்வரை குட்டி என் பொறுப்பு. இப்போது கடிப்பதில்லை, என் சோற்றுத் தட்டில் தலையை விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய் அவரிடமே காட்டப் போகிறேன். தட்டை மூடி வைத்தால் போதும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், 'தப்பு உங்களுதுதான், வாத்தியாரே' என்று அவர் வாயால் ஒரு முறை கேட்டுவிட்டு வர வேண்டும்.