செல்லாயி அக்காளின் தடிப்பும் பறிபோன மரங்களும்

ஈப்போ
14.8.1979

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மாமா சதாசிவம் அவர்களுக்கு, தங்கை மகன் ஜெயபாலன் எழுதுவது.

என் அக்கா செல்லாயியின் மரங்களைப் பறித்தவர் நீங்கள். இங்கே நான் சுகம். அங்கே மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்க வேண்டும். மரியாதை முடிந்தது.

அக்காளுக்கு உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து அரித்தபோது முதலில் சார்டின் டின்னைக் குற்றம் சொன்னீர்கள். நிறுத்தினாள். பிறகு நெத்திலி, பிறகு முட்டை, பிறகு கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் அவள் வெறும் சோற்றில் ரசம் ஊற்றித் தின்றபோதும் தடிப்பு வர, ரசத்தில் புளி அதிகம் என்றீர்கள். தின்ன எதுவும் மிச்சமில்லாமல் போனதும் உங்கள் கண் அவள் வெட்டும் ரப்பர் மரத்துக் கித்தாப் பாலின் மேல் விழுந்தது. காலைப் பெரட்டில், பேர் கூப்பிடத் தோட்டமே வரிசையில் நிற்கும்போது, அவள் வலது கையில் பாலைத் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் மனைவிக்கு அரித்திருந்தால் இப்படிப் பெரட்டில் நிறுத்தியிருப்பீர்களா? பத்து நிமிடத்தில் தடிப்பு வந்தது. "பாத்தீங்களா!" என்று கிராணியிடம் திரும்பினீர்கள். அக்கா சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"மாமா, பாலு தடவுனது சோத்துக் கையிலலா. தடிச்சிருக்கிறது பீச்சாங்கை."

பெரட்டே சிரித்தது. "ரத்தத்துல ஓடிப் போயிருக்கும், வாய மூடு" என்றீர்கள். அன்றே, பால்மரம் வெட்ட லாயக்கில்லை என்று மானேஜருக்குச் சீட்டு எழுதினீர்கள். பதினொரு வருஷம் அவள் பட்டை சீவிப் பால் எடுத்த மரங்கள் மாயாண்டிக்குப் போயின, அவளுக்குப் புல்வெட்டு. மாயாண்டி நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்குகிறது. அந்த வழியாகப் போகும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்போது, "பால் நின்றது, தடிப்பும் நின்றது, நான் சொன்னது சரி" என்று மார்தட்டுகிறீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். தடிப்பை நிறுத்தியவள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அக்கா. அந்தப் பெரட்டுக்கு முன்பிருந்தே அவள் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறாள். காலில் முள் குத்திச் சீழ் வைத்ததற்கு நீங்களே கொடுத்த மாத்திரையைத் தின்ற நாட்களில் தடிப்பும் இல்லை, சொத்தைப் பல்லில் வலியும் இல்லை. மாத்திரை தீர்ந்ததும் கன்னம் வீங்கியது, இரண்டு நாளில் தடிப்பு. அடுத்த மாதமும் அப்படியே, முதலில் கன்னம், பிறகு தடிப்பு. நீங்கள் சீட்டு எழுதிய அதே வாரம் பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"தம்பி, பல்லு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. சார்டின் மேல குத்தமில்ல."

"பல்லுக்கும் தொடைக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று படித்த முட்டாள் நான் சிரித்தேன்.

"பாலு ரத்தத்துல ஓடும்னாரு மாமா. சீழு மட்டும் ஓடாதா?"

டாக்டர் இவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பல்லிலோ தொண்டையிலோ வயிற்றிலோ கிருமி இருந்தால் சிலருக்கு இப்படித் தடிப்பு வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, பலருக்குக் காரணமே தெரியாது, ஆனால் இந்தப் பல் எப்படியும் போக வேண்டியதுதான் என்றார். பிடுங்கினார். அக்கா முனகவில்லை. அவள் கையைப் பிடித்திருந்த நான்தான் முனகினேன். மறுநாளே சார்டின் கேட்டாள். மூன்று மாதமாக ஒரு தடிப்பு கிடையாது. இப்படி ஒரு மூளையைப் புல் வெட்ட அனுப்பியிருக்கிறீர்கள்.

மாமிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்களுக்கு ஒரு நாளும் பல்வலி வராமல் இருக்கட்டும்.

ஜெயபாலன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கிறாள். முழங்கையில் புதிதாக மூன்று தடிப்பு. பல்லைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? வரலாம்னுதானே டாக்டர் சொன்னாரு. போன வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல். அதுவா இருக்கும், வேற எதுவாவும் இருக்கும். பாத்துக்கிட்டே இருந்தா தெரிஞ்சிட்டுப் போவுது" என்று சிரிக்கிறாள். "ஆனா மூணு மாசமா பாலு என் மேல ஒரு சொட்டுப் படலலா. அத மாமாவுக்கு எழுது."

எழுதிவிட்டேன். பால் படாமலே தடிப்பு வரும் என்று காட்டி, உங்கள் சோதனையை உங்களைவிட ஒழுங்காக அவள் செய்து முடித்துவிட்டாள். மானேஜருக்கு எழுதிய சீட்டை எப்போது திரும்ப வாங்கப் போகிறீர்கள், மாமா?