இரண்டேகால் வீரர்கள்

ரோமாபுரிக்கு வெற்றி வளைவு உண்டு. டெல்லிக்கு இந்தியா கேட் உண்டு. இந்த வரிசையில் மூன்றாவதாக எங்கள் அளத்துக்குப்பத்தைச் சேர்க்காத சரித்திரப் புத்தகம் எதுவானாலும், அதை உடனே திரும்பப் பெற்றுத் திருத்தி அச்சிட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. என் பெயர் சிவப்பிரகாசம். வானூர் தாலுகா ஆபீசில் காலமெல்லாம் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவன். இப்போது அளத்துக்குப்பம் போர் வீரர் நினைவுச் சின்னக் குழுவின் செயலாளர். ஆகவே நாட்டுக்காக உழைப்பது எனக்குப் புதிதல்ல.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் திடீரென்று ஒரு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பெயர்கள். சனி, ஞாயிறு வந்தால் பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பின. எங்கள் ஊரைக் கடக்கும்போது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. தேசபக்தி உள்ள எந்த ஊர் இதைப் பொறுத்துக்கொள்ளும்?

சுப்ராயன் அவர்களின் ஐஸ் ஃபேக்டரி மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. அவர் முன்னாள் ஊராட்சித் தலைவர். அந்த ‘முன்னாள்’ அவர் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை.

“பக்கத்து ஊர்ல எத்தினி பேரு?” என்றார் தலைவர்.

“ரெண்டு பேருங்க.”

“நமக்கு?”

“நமக்கும் ரெண்டுதாங்க. மொத உலகப் போர்ல மூட்டை சொமக்கக் கப்பலேறிப் போயி திரும்பாத கொளஞ்சி. எழுபத்தொண்ணு சண்டையில செத்துப்போன அப்துல் லத்தீப்.”

“சமமா இருந்தா என்னாய்யா மரியாதை? இன்னொரு ஆளு தேறாதா?”

“நம்ம சதீஷ் இருக்கிறான். எல்லையில கண்ணிவெடியில மாட்டினவன். ஆனா…”

“ஆனா என்னா?”

“உயிரோட வந்துட்டான்.”

குழு ஆழ்ந்த வருத்தத்தில் மூழ்கியது. ஒருவர் ‘உச்சு’ கொட்டினார். தலைவர் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. தலைவர் என்றால் அப்படித்தான்.

“முழுசா வந்தானா?”

“எடது கால் முட்டிக்குக் கீழ வரலீங்க.”

தலைவர் முகம் மலர்ந்தது. “அப்ப அந்தக் கால் நாட்டுக்காகப் போய் சேந்துடுச்சில்ல? போடுய்யா கல்லுல!”

எனக்கு ஒரு நிர்வாகச் சந்தேகம் எழுந்தது. “‘சதீஷ் (கால்)’னு பொறிச்சா படிக்கிறவங்க கால் பங்குன்னு நெனைச்சிக்குவாங்களே தலைவரே?”

“நெனைச்சிக்கட்டுமே! அவனுங்களுக்கு ரெண்டு. நமக்கு ரெண்டேகால்!”

கரவொலி ஓய வெகு நேரமாயிற்று. கால் வித்தியாசத்தில் ஓர் ஊர் இன்னோர் ஊரை வென்றது அன்றுதான்.

சிலை செய்ய ஆள் வந்தார். கொளஞ்சியின் படம் யாரிடமும் இல்லை. லத்தீப்பின் படம் கோட்டக்குப்பத்தில் அவர் பேரன் தாஹாவிடம் இருந்தது. இருபது கிலோமீட்டருக்கு மேல் போய் அதை வாங்கிவர யாருக்கும் நேரமில்லை. தலைவர் தன் சட்டைப்பையிலிருந்த தன்னுடைய படத்தையே கொடுத்தனுப்பினார். எனவே எங்கள் போர் வீரர் தொப்பை இல்லாத சுப்ராயனாகத் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார். இருபுறமும் இரண்டு சிங்கங்கள். சுற்றிலும் ஆளுயர மதில்.

அந்த மதில் விஷயத்தில்தான் தேசவிரோத எண்ணம் ஒன்று தலைகாட்டியது.

நினைவுச் சின்னத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் ரோட்டோரப் புறம்போக்கு. அதன் பின்னால் ஒரு சந்து, சந்தில் நாலு வீடு, அதற்கப்புறம் உப்பளம். மதில் எழும்பியதும் சந்தின் வாய் அடைபட்டது. கால் உள்ளவர்கள் மதிலேறிக் குதித்தார்கள். மற்றவர்களுக்கு உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பு இருந்தது. வரப்பின் அகலம் ஒரு முழம். அந்த நாலு வீட்டில் கடைசி வீடு சதீஷுடையது.

அவன் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, செயற்கைக் காலோடு வரப்பில் சுற்றி நடந்து கூட்டத்துக்கு வந்தான். பேண்ட் முழுவதும் உப்புச் சேறு.

“தலைவரே, ஒரு ஓரமா நாலடி வழி வுட்டா போதும்ங்க. எனக்காகக் கேக்கல. எம் பொண்டாட்டி ஷாலினிக்கு இது ஒம்பதாம் மாசம். அவசரம்னா ஆட்டோகூட உள்ள வராது.”

தலைவர் அன்போடு அவனை உட்காரச் சொன்னார். “ஏம்பா சதீஷு, வடக்கால நாலடி வுட்டா தெற்காலயும் நாலடி வுடணும். இல்லன்னா லட்சணமா இருக்காது. ரெண்டு பக்கமும் வுட்டா சிங்கம் எங்க ஒக்காரும்?”

“சிங்கத்துக்குப் பிரசவம் இல்லீங்களே.”

“பாத்தியா, கோவப்படற! உன் காலுக்காகத்தானப்பா இவ்ளோ பாடுபடுறோம்.”

“என் கால் செத்துப்போச்சிங்க. மீதி நான் இருக்கிறேன். எனக்கு நடக்க வழி வேணும்.”

இராணுவத்தில் இருந்தவனிடம் இப்படி ஒரு சுயநலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் குழு அவனுடைய கோரிக்கையை அலட்சியப்படுத்தியதாக யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாரும் எழுந்து நின்று அந்தக் கோரிக்கைக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். சதீஷ் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் போனான். போகும்போது சல்யூட் வைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

திறப்பு விழா நாள் வந்தது. முந்தின இரவு கோடை மழை பெய்து உப்பளமெல்லாம் தண்ணீர். வருண பகவானே வந்து வாழ்த்தியதாக நான் வரவேற்புரையில் குறிப்பிட்டேன். ரோட்டின் இரு பக்கமும் கார்கள். மேடையில் மாவட்டத்தின் முக்கியப் பிரமுகர் ஒருவர். முன்வரிசையில் கோட்டக்குப்பத்திலிருந்து தாஹா வந்திருந்தார். கல்லில் தன் தாத்தாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “இது யாருங்க?” என்று என்னிடம் கேட்டார். “வீரம்” என்றேன்.

சதீஷுக்காக மேடையில் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. பிரமுகர் பேச ஆரம்பித்த நேரம் என் செல்போன் அடித்தது.

“சார், ஷாலினிக்கு வலி கண்டுடுச்சி. நூத்தியெட்டு வந்து ரோட்ல நிக்குதாம். வரப்பு தண்ணில மூழ்கிக் கெடக்குது. தூக்கினு போக முடியல. மதில்ல ஏணியாவது போடச் சொல்லுங்க சார், சீக்கிரம்!”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: “தம்பி, இப்பதான் ஐயா உன் காலைப் பத்திப் பேசினு இருக்கிறாரு. அவசரப்படாத. அடுத்தது தேசிய கீதம்தான்.”

அவன் போனை வைத்துவிட்டான். அவன் போனில் அலறியது முன்வரிசையிலிருந்த தாஹாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் விருட்டென்று எழுந்து மேடைக்குப் பின்பக்கம் போனார். சிற்றுண்டி தயாராகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

பிரமுகர் முழங்கிக்கொண்டிருந்தார். “எதிரி எத்தனை தடை வைத்தாலும் அத்தனையையும் உடைத்து…”

தொம்!

“…உடைத்து முன்னேறுவான் நம் வீரன்!”

தொம்! தொம்!

பறைக்காரர்கள் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர்கள் தங்கள் கைகளைக் காட்டினார்கள். காலியாக இருந்தன. அடுத்த அடியில் மதிலின் வடபக்கம் பொலபொலவென்று சரிந்தது. ஒரு சிங்கம் குப்புற விழுந்தது. புழுதிக்குள்ளிருந்து கடப்பாரையோடு சதீஷ் தெரிந்தான்.

இந்த இடத்தில் ஒப்பந்தக்காரரைப் பாராட்டாமல் இருப்பது நன்றிகெட்டதனம். அவர் தலைவரின் சகலை. சிமென்ட் என்ற பொருளை மதிலுக்குள் அவர் பேச்சுக்குத்தான் சேர்த்திருந்தார். முறைப்படி கட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும்? ஊழலுக்கும் தாய்சேய் நலத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

கூட்டம் கைதட்டியது. ராணுவ சாகச நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். பிரமுகரும் தட்டினார். மதிலேறிக் குதித்து உள்ளே போயிருந்த தாஹா ஒரு பக்கமும் சதீஷ் ஒரு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடிபாட்டின் மேல் ஏறி வந்தார்கள். நாற்காலியில் ஷாலினி. அவள் கைகள் இரண்டு பேரின் சட்டைக் காலரையும் இறுகப் பிடித்திருந்தன. செங்கல்லில் சதீஷின் செயற்கைக் கால் இடறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைச் சாயவிடாமல் நின்றான். முகமெல்லாம் வியர்வை. பயந்துபோயிருந்தான். கண்ணிவெடிக்குக்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டான்.

சந்தர்ப்பத்தைத் தவறவிடாத பிரமுகர் மேடையிலிருந்து இறங்கி வந்து ஷாலினியின் வாயருகே மைக்கை நீட்டினார். “ஏம்மா, உன் வீட்டுக்காரர் தியாகத்த நெனைச்சா பெருமையா இருக்குதா?”

“மைக்க எடுங்க சார். வழி வுடுங்க!”

ஒலிபெருக்கியில் அது உப்பளம் வரைக்கும் கேட்டது. விழாவில் பேசியவர்களில் மிகச் சுருக்கமாகப் பேசியவர் அவர்தான்.

ஆம்புலன்ஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். இருவரும் நலம்.

மறுநாள் தலைவரும் நானும் காவல் நிலையம் போய், வீரர்களின் நினைவை அவமதித்த குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்கச் சொன்னோம்.

“இடிச்சது யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சதீஷ். ராணுவத்துல இருந்தவன்.”

“யாரோட நினைவுச் சின்னம்?”

“கொளஞ்சி, லத்தீப், அப்புறம்… சதீஷோட காலு.”

அவர் பேனாவை மூடிவைத்தார். “ஐயா, வெளிய வெயில் ஜாஸ்தி. மோர் குடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க” என்றார். காவல்துறையில் தேசபக்தி இந்த அளவில்தான் இருக்கிறது.

குழு மனம் தளரவில்லை. மதிலை மறுபடி எழுப்புவதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். தாயும் குழந்தையும் வீடு திரும்பியதும், அந்தத் தீர்மானத்தையும் ஒரு பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு நானும் தலைவரும் சதீஷின் வீட்டுக்குப் போனோம். சுற்றிப் போக நேரமில்லாததால் இடிந்த இடத்தின் வழியாகவே போனோம். சௌகரியமாகத்தான் இருந்தது.

சதீஷ் வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். ஷாலினி உள்ளே கட்டிலில் படுத்தபடி எங்களைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நான் தீர்மானத்தை உரக்கப் படித்தேன்.

அவன் முழுவதையும் கேட்டான். “கட்டுங்க சார். கடப்பாரய இன்னும் உள்ள எடுத்து வைக்கல” என்றான்.

நிலைமை இறுகுவதை உணர்ந்த தலைவர், அரசியல் அனுபவம் கைகொடுக்க, குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். “பொண்ணாப்பா?”

“ஆமாங்க.”

“அதனால என்னா? இப்பதான் பட்டாளத்துல பொம்பளைங்களயும் சேத்துக்கிறாங்களே. நீ ஒண்ணும் கவலப்படாத சதீஷு. நம்ம கல்லுல இன்னும் நெறைய எடம் இருக்குது.”

சதீஷ் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டான். பதில் உள்ளே கட்டிலிலிருந்து வந்தது.

“கல்லுல இருக்குதுங்க தலைவரே. ஊர்லதான் இல்ல.”

அதை நன்றியுரை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டு, பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.