ரிப்பன் அண்ணன் கட்டிய மடிப்பு

பெரியகல்லாற்றில் ரிப்பன் அண்ணனின் கையால் ஒரு மடிப்பு வாங்காமல் யாரும் கல்யாணம் கட்டியதில்லை, ஓய்வு பெற்றதில்லை, வெளிநாடு போனதில்லை. செத்தவர்களையும் அவர் விட்டதில்லை.

வீதியோரம் பள்ளிப் பிள்ளைகளுக்கான கொப்பிக்கடை வைத்திருக்கிறார். கொப்பி வாங்கப் போனவர்கள் வெளியே நிற்பார்கள். அவர் உள்ளே குனிந்து மடிப்புச் செய்துகொண்டிருப்பார். தடித்த மட்டையை ஒரே அளவாக வெட்டி, தேக்கரண்டியின் முதுகால் அழுத்தி மடித்து, விசிறிபோல் முன்னும் பின்னுமாக ஒட்டுவார். மடிப்புக்கொரு படம். முதுகுப்பக்கம் ரிப்பன் ஓடும். கட்டி வைத்தால் கையடக்கப் புத்தகம். அவிழ்த்து இழுத்தால் மேசையில் வேலிபோல் எழுந்து நிற்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். தபால்காரர் ஒருவர் தனக்கு இடமாற்றம் வந்ததை மனைவிக்கே சொல்லாமல் ஒளித்து வைத்தார். தெரிந்தால் ரிப்பன் அண்ணன் வந்து குந்திக்கொண்டு, தொட்டில் காலத்திலிருந்து எல்லாப் படத்தையும் கேட்பாரே!

பிடிக்காதவர்களை வெட்டியும் விடுவார். ஒரு கல்யாண மடிப்பில் மாப்பிள்ளையின் தகப்பனையே காணவில்லை. கேட்டதற்கு, “அந்தாள் முழிச்சுக்கிட்டு நிண்டார். மடிப்புக்கே அவலட்சணம்” என்றார்.

போன மாரியில் என் அக்கா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. ஊரில் எந்த வீட்டுச் சமையலுக்கும் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். ஆனால் கமராவைக் கண்டால் குசினிக்குள் ஓடிவிடுவாள். சின்ன வயதில் கொதிநீர் பட்ட தழும்பு ஒரு கன்னம் முழுக்க இருந்தது. தன் கல்யாணப் படங்களைக்கூட ஒருநாள் அடுப்பில் போட்டுவிட்டாள். எஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதிலும் பொலிஸ்காரியைப்போல் முறைத்துக்கொண்டிருந்தாள்.

செத்தவீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கொட்டும் மழைக்குள் குடையும் அளவு நாடாவுமாக ரிப்பன் அண்ணன் வந்தார்.

“தம்பி, அக்காட படங்களத் தாங்க.”

“ஒண்டுதான் அண்ணன் இரிக்கு” என்று அடையாள அட்டையை நீட்டினேன்.

“எட்டு மடிப்புக்கு ஒரு படமா? என்ன ஆக்கள்டா நீங்க! ஒரு மனிசிய ஒருக்கா நிப்பாட்டி வச்சு ஒரு படம் எடுக்க ஏலாமப் போச்சா?”

மூலையில் இருந்த அத்தான் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா போனதிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை. எனக்கு ரிப்பன் அண்ணனைப் பிடித்து மழைக்குள் தள்ளவேண்டும்போல் இருந்தது. அவரோ குடையை விரித்துக்கொண்டு தானாகவே இறங்கிப் போனார்.

பிறகுதான் ஊருக்குக் கஷ்டகாலம். அக்கா சமைத்த கல்யாண வீடுகளுக்கெல்லாம் கத்தரிக்கோலுடன் போய் அல்பத்தைக் கேட்டிருக்கிறார். ஒரு பெண் ஒழுங்கை அதிர அலறினாள்.

“ஐயோ, என்ட கலியாணப் படத்த வெட்டுறாரு!”

“சத்தம் போடாத புள்ள. நீ இரிக்கிற, உன்ட மாப்பிள்ளையும் இரிக்கிறார். பின்னுக்குச் சோத்துச் சட்டியோட நிக்கிறவதான் இல்ல. எனக்கு அந்த மூலை மட்டும் போதும்.”

அந்தப் பெண் தானே படத்தை வெட்டப் பிடித்துக் கொடுத்தாளாம். கரடியனாற்றில் ஒரு கல்யாணத்துக்கும் அக்கா சமைத்தாள் என்று யாரோ சொல்ல, வெள்ளம் பாய்ந்த ரோட்டால் அங்கேயும் போனார். தெப்பமாக நனைந்து திரும்பினார். பொலித்தீனில் சுற்றிய படம் மட்டும் நனையவில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அமுதுப் படையலுக்கு முதல்நாள், மட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“கடைக்குள்ள ஒழுக்கு. பசை காயுதில்ல. அடுப்ப மூட்டுங்க.”

அக்கா போனபின் அந்தக் குசினிக்குள் நாங்கள் யாரும் போகவில்லை. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு அனுப்பினார்கள். அத்தான்தான் எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார். ஈர விறகு புகைந்தது. இருவரும் கண்ணீர் வடிய மட்டைகளைச் சுற்றிவர அடுக்கினார்கள்.

“கருக விட்டீங்களெண்டா கொன்னுபோடுவன்” என்று ரிப்பன் அண்ணன் அத்தானை வெருட்டினார்.

மறுநாள் மடிப்பு மேசையில் நின்றது. ஒரு படத்தில் அக்காவின் முழங்கையும் அகப்பையும். ஒன்றில் சோற்று ஆவிக்குப் பின்னால் அரை முகம். இன்னொன்றில் அகப்பையை ஓங்கிப் படம் எடுப்பவனைத் துரத்துகிறாள். அதைக் கண்டதும் அத்தான் சிரித்தார். “இவளுக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான்” என்றார். பிறகு சிரிப்பு அழுகையாகி, வெகுநேரம் ஓயவில்லை.

எல்லாரும் போனபின், அத்தான் மடிப்பைக் கையில் எடுத்துக் கடைசிப் படத்தைப் பார்த்தார். நீலச் சேலை, கொண்டை, சட்டி மூடியைத் தூக்கும் ஒரு முதுகு. கரடியனாற்றுப் படம்.

“இது அவ இல்ல” என்றார்.

“முகமே தெரியல்ல. எப்பிடி அத்தான் சொல்றீங்க?”

“அவட முதுகு எனக்குத் தெரியாதா?”

“அப்ப அண்ணனிட்டச் சொல்லட்டா?”

“வாய மூடிக்கிட்டு இரி. அந்த மனிசன் வெள்ளத்துக்குள்ள அவ்வளவு தூரம் போய், அவ எண்டுதான் கூட்டிக்கிட்டு வந்திரிக்கு.”

ரிப்பன் அண்ணன் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் ரிப்பன் முடிச்சில் பிழை பிடிப்பார்; தூசு தட்டவில்லை என்று ஏசுவார். பிறகு அந்தக் கடைசிப் படத்தில் விரலை வைத்து, “இதுக்குத்தான் தம்பி நான் பட்ட பாடு!” என்பார்.

“இதிலதான் அண்ணன் அவ நல்லா இரிக்கா” என்பார் அத்தான்.