அப்பாவின் டிரெட்மில்லும் என் டிகிரியும்

விஜயதசமி அன்று எனக்கு இருந்த ஒரே வேலை, அப்பாவின் டிரெட்மில்லை ஓட வைப்பது.

அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெஷின்தான். முந்தின நாள் ஆயுத பூஜை என்பதால் அதற்கும் லீவு விட்டிருந்தோம். காலையில் அப்பா அதன் மேலிருந்த பூவையும் பொரியையும் எடுத்துவிட்டு, ஏறி நின்று பட்டனை அழுத்தினார். பெல்ட் நகர்ந்தது. அப்பா மூன்று எட்டு வைத்தார். பீப் என்று ஒரு சத்தம். பெல்ட் நின்றுவிட்டது. அப்பாவால் அவ்வளவு சட்டென்று நிற்க முடியவில்லை. கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? மெஷினே வேணாங்குது" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பெரம்பலூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாய் துரத்துகிறது என்று அப்பா சாதித்தார். அம்மா விடவில்லை. லப்பைக்குடிக்காட்டில் துபாயிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் டிரெட்மில்லை விற்கிறது என்று கேள்விப்பட்டு, மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"நின்ன எடத்துலயே நடக்குறதுக்கா இம்புட்டுப் பெரிய மெஷினு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

அப்பாவுக்கும் அதே சந்தேகம்தான்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், நான் பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ். அப்போதுதான் முடித்திருந்தேன். திருச்சியில் யுபிஎஸ் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. அப்பா இன்னும் சரி சொல்லவில்லை.

"பொம்பளப் புள்ள ஸ்குரூ டிரைவரத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையணுமா? பேசாம பி.எட். படி."

அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "மூணு வருசம் படிக்க வச்சீங்கல்ல, அந்த மெஷினச் சரி பண்ணச் சொல்லுங்க. பண்ணிட்டாள்னா அனுப்புங்க!"

அப்பா மெஷினை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"சரி. ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ இத ஓட வச்சிரு. திங்கக்கெழம நானே கொண்டுபோயி ஹாஸ்டல்ல விடறேன். ஓடலன்னா பி.எட்."

அப்பாவின் கணக்கு எனக்குப் புரிந்தது. மெஷின் ஓடாவிட்டால் எனக்குத் திருச்சி இல்லை, அவருக்கு நடையும் இல்லை.

"சரிப்பா" என்றேன். எனக்கு யாரிடமும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. 'தெரியும்' என்றும் வராது. 'சரி' மட்டும் நன்றாக வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் லேப்பில் நான்கு பேருக்கு ஒரு சால்டரிங் அயர்ன். முந்திக்கொண்டு கேட்க எனக்குக் கூச்சம். என் முறை வருவதற்குள் பெல் அடித்துவிடும். சுடாத சால்டரிங் அயர்னைத்தான் நான் அதிகம் பிடித்திருக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்க மூடியைக் கழற்றினேன். அதில் மட்டும் தடுமாறவில்லை. முந்தின நாள் பூஜைக்கு அந்த மூடியைக் கழற்றியவளே நான்தான்.

உள்ளே ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் மோட்டாரை இயக்குகிற கன்ட்ரோலர் போர்டு. மோட்டார் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. அதற்கு என்ன குறை? தவிர, நான் படித்ததெல்லாம் போர்டைப் பற்றித்தான். ஆகவே கோளாறும் போர்டில்தான் இருக்கும்!

நெற்றியில் பொட்டோடு இருந்த என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபியூஸ் சரி. ஒயர்கள் சரி. போர்டில் தடியாக ஒரு கெபாசிட்டர் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், அதை முதலில் இறக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எப்படி இறக்குவது என்ற பக்கத்தைப் படிக்கவில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்தேன்.

டப்!

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "தீவாளிக்கு இன்னும் நாள் இருக்கும்மா."

சாயங்காலம் தீர்ப்புச் சொன்னேன். "மோட்டார் கன்ட்ரோலர் போச்சுப்பா."

"புதுசு எங்க கெடைக்கும்?"

"துபாய்ல."

"அடடா" என்று அப்பா இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். அரியலூரில் காதர் பாய் என்று ஒரு மெக்கானிக். சவுதியில் இந்த மாதிரி மெஷின்களைத்தான் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரம்பலூரில் கடைகளெல்லாம் பூஜைக்குச் சாத்தியிருந்தார்கள், திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

சனிக்கிழமை காலை போர்டைக் கழற்றி, துணியில் சுற்றி, பெரிய எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன், ஆடக்கூடாதே!

பக்கத்து சீட்டு அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். "சாப்பாடா பாப்பா? அரியலூர் ஆஸ்பத்திரிக்கா?"

டிரெட்மில், மோட்டார், கன்ட்ரோலர் என்று முதலிலிருந்து விளக்கவேண்டுமே என்று மலைப்பாக இருந்தது.

"ஆமாங்க."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"அய்யோ பாவம். என்ன பண்ணுது?"

"நடக்க முடியலைங்க."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து நான்கு கொய்யாப்பழங்களை எடுத்து டிபன் பாக்ஸ் மேல் வைத்தார். "நான் குடுத்தேன்னு குடு. ஒண்ணும் ஆவாது, எந்திரிச்சு நடந்துருவாரு பாரு!"

அப்படியே சாட்சாத் அதுதான் என் வேண்டுதலும். நான்கு கொய்யாவோடும் குற்ற உணர்ச்சியோடும் அரியலூரில் இறங்கினேன்.

காதர் பாய் கடை வாசலில் நின்றேன். உள்ளே நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று கடையின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது? கால் மணி நேரமா படிக்கிறியே, அதுல ரெண்டு வரிதான எழுதியிருக்கு. உள்ள வா."

உள்ளே போய் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேன். காதர் பாய் எட்டிப் பார்த்தார். "நான் பிரியாணியோன்னுல்ல நெனச்சேன்" என்றபடி போர்டை எடுத்துப் பலகையில் வைத்து, ஒயரைக் கொடுத்து, ஒரு பல்பைப் போட்டுப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"போர்டு கல்லு மாதிரி இருக்கு மவளே. இதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் பாய் நிக்குது?"

"ஓடுனதும் நிக்குதா, ஓடாமயே நிக்குதா?"

"மூணு எட்டு வச்சதும் நிக்குது."

"அப்ப அது பயந்துபோயி நிக்குது" என்று சிரித்தார். "மோட்டாரு கடைசியில ஓட்டை ஓட்டையா ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பாத்தியா? அது சுத்தும்போது ஓட்டை வழியா வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். அத ஒரு சென்சார் பாத்து, 'மோட்டார் சுத்துது, சுத்துது'ன்னு போர்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். வெளிச்சம் தெரியலன்னா, மோட்டார் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு போர்டு கரண்ட நிறுத்திப்புடும். ஓட்டையில எதாச்சும் அடைச்சிருக்கும், போயி பாரு."

எனக்குக் காது சூடானது.

முந்தின முந்தின நாள், ஆயுத பூஜை. அம்மா மெஷினின் மூடி மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். நான்தான் விடவில்லை. "மெஷினோட உசுரே உள்ளேதாம்மா இருக்கு" என்று எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரியாக விளக்கி, மூடியைக் கழற்றினேன். மோட்டார் கடைசியில் அந்தச் சக்கரம். வரிசையாக, அழகாக, புள்ளிக் கோலம் மாதிரி ஓட்டைகள். ஒரு ஓட்டை விடாமல் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். ரொம்பப் பொறுமையாக வைத்தேன்.

"மூடிய யாராச்சும் கழட்டுனாங்களா?" என்றார் பாய்.

"ஆமாங்க."

"யாரு?"

"வூட்டுல ஒருத்தங்க."

"வெவரம் தெரியாதவங்களா?"

"...படிச்சவங்கதாங்க."

"அதானே பாத்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொய்யாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாத்ரூம் ஜன்னலில் முடியெல்லாம் வளைந்து கிடந்த ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு முன் உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்து சிமென்ட் மாதிரி இருந்தது. ஊக்கால் குத்தி, பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு பொட்டாக அழித்தேன். பிரஷ்ஷைக் கழுவி, சத்தமில்லாமல் ஜன்னலிலேயே வைத்துவிட்டேன். போர்டை மாட்டி மூடியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நம்பிக்கையோடு ஏறினார். அதாவது, ஓடாது என்ற நம்பிக்கையோடு. மூன்று எட்டு. நான்கு. பத்து. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எம்மா, இது எப்ப நிக்கும்?"

"நீங்க நிறுத்துனாதாம்ப்பா."

"அப்படி என்னதான் கோளாறு?"

"மோட்டார் சுத்துறது கன்ட்ரோலருக்குத் தெரியலப்பா. இப்பத் தெரியுது."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்பாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

திங்கட்கிழமை சொன்னபடியே திருச்சிக்குக் கொண்டுவந்து விட்டார். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கிளம்பப் போனவர் திரும்பினார்.

"புள்ள, அடுத்த வருசம் இங்க ஆயுத பூஜை போட்டா, பொட்ட மூடி மேல மட்டும் வையி."

 வழக்கமாக வருகிற 'சரி' கூட வரவில்லை.

"தெரிஞ்சுமா என்னை அனுப்புறீங்க?" என்றேன் ஒருவழியாக.

"நீயே கெடுத்து, நீயே சரி பண்ணிட்ட. கம்பெனிக்கு இத விட ஆளு கெடைக்குமா?"

"யாருப்பா சொன்னா? காதர் பாயா?"

"அவரு எதுக்கு? ரெண்டு நாளா பல்லு வெளக்குனா வாயெல்லாம் சந்தனம் மணக்குது."

அது பழைய பிரஷ்தான். ஆனால் அப்பா இன்னும் தூக்கிப் போடவில்லை.