கடலுக்கு அடியில் கழுவியவன்

சுத்தபத்தம் பார்க்கிறவனை நம்பி யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இப்படி அடித்துச் சொல்கிறேனே என்று சுத்தபத்தக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆசாமி நான்தான். என்னை நம்பி இறங்கியவள் என் மனைவி வைதேகி.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தேழு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தியோகம் திருச்சியில், பம்ப்செட் விற்கும் ஒரு கம்பெனியில். மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை என்று வயல்காடெல்லாம் சுற்றுவேன். போகிற இடத்தில் சொம்பு நிறைய மோர் கொடுப்பார்கள். எச்சல் படாமல் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வேன். பாதி மோர் சட்டைக்குப் போகும். எங்கள் வீட்டில் எல்லோருமே எச்சல் பார்ப்பவர்கள்தான், ஆனால் அவர்களுக்கே நான் தலைவலி. டவுன் பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டையால் பிடிப்பேன். அப்புறம் அந்தக் கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு விரல் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆபீஸ் வரை நடப்பேன். ("விவரம் தெரிஞ்சு பொறந்திருந்தா, இவன் என்னை அலம்பிட்டுத்தான் பொறந்திருப்பான்" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள்.)

அந்த வருஷம் மழை பொய்த்தது, பம்ப்செட் கொழித்தது. அதிகம் விற்றவனுக்குக் கம்பெனி பரிசு அறிவித்தது: மாலத்தீவில் ஒரு குட்டித் தீவு, அதில் ஒரு சொகுசு விடுதி, மனைவியோடு ஐந்து நாள். அதிகம் விற்றவன் நான்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். வைதேகி உறையூர்ப் பெண். பதினோரு பேர் புழங்கும் வீட்டில் நானும் அவளும் தனியாகப் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. என்னை அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. கேட்கப் பயம். ஒரு தடவையாவது அவளை வாய்விட்டுச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"நாமளே தீவுலதானேடா இருக்கோம்? இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இன்னொரு தீவுக்கு எதுக்குடா போகணும்?" என்றாள் அம்மா.

ஆனாலும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுத்து அனுப்பினாள்.

தீவு என்றால் அப்படி ஒரு தீவு. பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். வெள்ளை மணல், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பெயர் தெரியாத நிறத்தில் தண்ணீர், ஜோடிக்கொரு ஓலைக் குடில். ஆனால் உள்ளே குளிர்சாதனம். போய் இறங்கிய மறுநாள் காலை சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கும் பயிற்சி, அதுவும் பரிசில் சேர்த்தி. சொல்லித் தருபவர் இப்ராஹிம் என்ற அந்த ஊர்க்காரர். திருவனந்தபுரத்தில் நாலு வருஷம் இருந்தவர், தமிழ் மாதிரி ஒன்று பேசுவார்.

முதல் இடி கரையிலேயே விழுந்தது. முகத்தில் மாட்டும் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "சார், இதில் துப்பு" என்றார் இப்ராஹிம்.

"எதுக்கு?"

"துப்பித் தேய்ச்சாத்தான் கண்ணாடி புகை பிடிக்காது. எல்லாரும் துப்பணும் சார்."

"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டேன். அதற்குள் பக்கத்தில் "த்தூ!" என்று ஒரு சத்தம். வைதேகி! துப்பி, விரலால் பதவிசாகத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நின்று, துப்புகிற மாதிரி சத்தம் மட்டும் போட்டேன்.

அடுத்தது வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர். சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை அதன் மூலம்தான் இழுக்க வேண்டும். எத்தனை தேசத்து வாய்கள் அதைக் கடித்தனவோ! இதை நான் முதல் நாளே பார்த்து வைத்துவிட்டதால், விடிந்ததும் குழாயடிக்குப் போய் என்னுடையதைச் சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவி வைத்திருந்தேன். (மூச்சுக்கு மூச்சு சந்தன வாசனை.) ஆக, எல்லா ஆபத்தையும் தாண்டிவிட்டோம் என்ற தெம்போடு இறங்கினேன்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். முழங்கால் போட்டு உட்கார்ந்தால் தலை முங்கும். உட்காருவதற்கு முன் இப்ராஹிம் கடைசிப் பாடத்தைச் சொன்னார்.

"அடியில சாருக்குக் காத்து தீர்ந்து போச்சுன்னு வெச்சுக்கோ. சார் தன் ரப்பரை எடுத்துடணும். அம்மா ரெண்டு மூச்சு இழுத்துட்டு, அம்மாவோட ரப்பரை சாருக்குக் கொடுக்கணும். சார் ரெண்டு மூச்சு இழுத்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும். இப்படி மாத்தி மாத்தி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! நானும் தலையை ஆட்டிவிட்டு முங்கினேன்.

இப்ராஹிம் சைகை காட்டினார். என் ரப்பரை எடுத்தேன். வைதேகி இரண்டு மூச்சு இழுத்தாள். தன் வாயிலிருந்த ரப்பரை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். வாங்கியவன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் அதைக் கடல் தண்ணீரில் இடதும் வலதுமாக அலசினேன். திருப்திப்படவில்லை. பனியன் நுனியை இழுத்துத் துடைத்தேன். விளிம்பில் கட்டைவிரல் விட்டு ஒரு சுற்றுத் தேய்த்தேன். புகை பிடித்த கண்ணாடி வழியாகச் சுத்தமாகிவிட்டதா என்று தூக்கி வேறு பார்த்தேன். அந்தக் காற்றுக்காக எனக்கு எதிரே ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பதறி வாயைத் திறந்தேன். கடல் உள்ளே வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று இருமினோம். கரையில் சாய்வு நாற்காலிகளில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். இப்ராஹிம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

இருமல் நின்றதும் வைதேகி மெதுவாகக் கேட்டாள். "ஏன்னா, கழுவினேளா?"

"ம்."

"கடலுக்குள்ளயா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் குடிலைப் பார்த்து நடந்துவிட்டாள். மத்தியானம் விடுதிச் சாதத்தில் அம்மாவின் புளிக்காய்ச்சலைக் கலந்து வைத்தாள். நான் சாதத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கை கழுவ எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஆறு மாசமா நீங்க சாப்பிட்டு எழுந்த இலையிலதான் நான் சாப்பிடறேன். ஒரு நாளாவது அலம்பிட்டு உக்காந்திருக்கேனா?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. புதுப்பெண் புருஷன் இலையில் சாப்பிட வேண்டும். அதை நான் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கும் அருவருப்பு என்று ஒன்று இருக்கும், அதை விழுங்கிக்கொண்டுதான் தினமும் உட்காருகிறாள் என்பது அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிக்க வைக்கலாம் என்று அழைத்து வந்து, ஒரே காலையில் அவளை அழும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் வரை கரையில் தனியாக உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இப்ராஹிமிடம் போய், அதே பாடம் இன்னொரு தடவை வேண்டும் என்றேன்.

"வேண்டாம் சார். சார் மேலேர்ந்தே மீன் பாருங்க" என்று கெஞ்சினார்.

விடவில்லை. வைதேகியும் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் உண்மையாகவே துப்பினேன். முங்கினோம். இரண்டு மூச்சு இழுத்தாள். ரப்பரை நீட்டினாள், இந்தத் தடவை ஒற்றைக் கையால். கண்ணை அகல விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கினேன், அப்படியே வாயில் வைத்துக் கடித்தேன். வெதுவெதுப்பாக, உப்புக் கரித்தது. உயிர் எங்கும் போகவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவ்வளவு சந்தோஷமான காற்றை நான் அதுவரை இழுத்ததே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து...

தோளில் தட்டினாள். எனக்கு உறைக்கவில்லை. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு! ரப்பரை என் வாயிலிருந்து பிடுங்கிக் கடித்துக்கொண்டாள். மறு நொடி அவளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் குமிழி கிளம்பியது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து அவள் எழுந்து நிற்க, பின்னாலேயே நானும் எழுந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைமயிர் சொட்டச் சொட்ட, சத்தமாக. நானும் சிரித்தேன். மிச்சமிருந்த நாட்களில் பவழப்பாறை வரை போய் மஞ்சள் வரி மீன்களை எல்லாம் பார்த்தோம், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சிரிப்புதான்.

ஊருக்கு வந்ததும் தனித்தனி இலை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் அப்பாவுக்கு எதிரே தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டாள்.

வைதேகி இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. நான் பந்தியில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். ரப்பரைத் தேய்த்ததை நடித்தே காட்டுவாள். கேட்கிறவர்களில் யாராவது ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் மாமா அதை வாங்கிண்டாரா இல்லையா?" என்று கேட்பார்கள்.

"வாங்கிண்டார், வாங்கிண்டார். இன்னும் திருப்பிக் குடுக்கலை" என்பாள்.