சுல்தான் அனுப்பிய அங்கி

அங்கி அழகாகத்தான் இருந்தது. வம்பே அதுதான்.

எகிப்து சுல்தானின் தூதர் அக்பூகா மூன்று மாதம் ஒட்டகத்தில் குலுங்கி சமர்கந்துக்குக் கொண்டுவந்த பச்சைப் பட்டு அங்கி. கைப்பட்டையில் தங்க இழையில் சுல்தானின் பெயர். அடுத்தவர் பெயர் நெய்த அங்கியை அரசர் போட்டுக்கொண்டால் அந்தப் பெயர்க்காரருக்கு ஊழியம் செய்ய ஒப்புக்கொண்டதாக அர்த்தம். போடாவிட்டால் அவமதிப்பு, கூட்டணி முறிந்துவிடும். கூட்டணி இல்லையென்றால் எல்லையில் நிற்கும் எதிரி பனி உருகியதும் ஊருக்குள் வந்துவிடுவான்.

அரசரின் மந்திரியான வஜீர், உடைச்சாலை அதிகாரி யாத்கார் பேக்கைக் கூப்பிட்டார்.

"அரசர் இதைப் போடவும் கூடாது, போடலேன்னு தூதர் மனசு கோணவும் கூடாது. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து. சொதப்பினே, அப்புறம் உனக்குத் தலைப்பாகையே தேவைப்படாது."

அரசருக்குக் காய்ச்சல், இப்போது புது உடை ஆகாது என்று யாத்கார் சொல்லி அனுப்பினார். தூதர் நல்ல மனுஷர். உடனே தன் வைத்தியரை அனுப்பினார். நன்றாக வியர்க்க வேண்டும், கனமான பட்டு அங்கியாகப் பார்த்துப் போடுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கி கட்டையாக இருக்கிறது என்றார் யாத்கார். தூதர் தன் தையல்காரரையும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அங்கி அரசருக்கென்றே அளவெடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்சம் பேசி மனதைக் கரைக்கலாம் என்று யாத்கார் தூதரிடம் நேரிலேயே போனார். போன வருஷம் இங்கிருந்து அனுப்பிய சிவப்பு அங்கி சுல்தானுக்குப் பிடித்திருந்ததா என்று விசாரித்தார். ஆறு மாதம் பாடுபட்டு அவரே முன்னின்று தைத்த அங்கி அது. தூதருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டு முலாம்பழத்தைப் பற்றி ஏதோ கேட்டார். ஆள் கோபமாக இருக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு யாத்கார் திரும்பினார்.

கடைசியில் அங்கி திருட்டுப் போய்விட்டதென்று சொல்வதாக முடிவு. வெள்ளிக்கிழமை காலையில் அதை மூட்டையாகக் கட்டி லாயக்காரன் தோக்தாவிடம் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் வைக்கச் சொன்னார்.

மதியம் பனி கொட்டியது. சபை முற்றத்தில் அரசரும் தூதரும் காத்திருக்க, தோக்தா அரசரின் குதிரையை நடத்தி வந்தான். குதிரை முதுகில் பச்சை அங்கி. கைகள் இரண்டும் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தன. சுல்தானின் பெயர் குதிரையின் மார்பில் மின்னியது.

யாத்கார் பல்லைக் கடித்துக்கொண்டு என்னடா இது என்றார்.

"நடுங்குச்சு, போர்த்தினேன்" என்றான் தோக்தா.

தூதர் குதிரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். யாத்கார் தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். தூதரோ முகமெல்லாம் மலர்ந்து அரசரைக் கட்டித் தழுவினார். ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லாமல் ஒப்பந்தத்தில் முத்திரை வைத்தார். விருந்தில் மூன்று தட்டு புலாவ் சாப்பிட்டார்.

தலை தப்பியது சரி, எப்படித் தப்பியது என்று தெரியாமல் யாத்காருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் தூதரின் ஒட்டகக்காரன் பிலால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் ஐயாவுக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டுவிட்டார்.

பிலால் முடிச்சை இறுக்கினான்.

"அவரு மூணு மாசமா தூங்கல, ஐயா. நீங்க அனுப்பின அங்கியை எங்க சுல்தான் போட்டாரான்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். நீங்க வேற அதையே கேட்டீங்க. நேத்துதான் அவருக்கு உசிரு வந்துச்சு. நீங்களாவது குதிரைக்குப் போர்த்தினீங்க. நாங்க கழுதைக்குல்ல போர்த்திட்டோம்."